கட்சிப் பிணக்கும் படிப்போர் பெருக்கமும்: ‘நவசக்தி’ குறித்து ஓர் ஆய்வு

இதழ்களின் வரலாற்றை எழுதப் புகுவோர், மிகுதியாக விற்றவை வென்றன என்றும், குறைவாக விற்றவை தோற்றன என்றும் பகுத்துரைத்தல் வழக்காகிவிட்டது. இவ்வளவுகோலைக் கொண்டு நோக்கின், திரு. வி. கலியாணசுந்தரனார் சென்னை இராயப்பேட்டையிலிருந்து நடத்திய ‘நவசக்தி’ தோற்ற இதழே ஆகும். அதன்கண் துணையாசிரியராய் அமர்ந்து தொழில் பயின்றவர், பின்னாளில் ‘கல்கி’ எனப் பெயர்பெற்ற ரா. கிருஷ்ணமூர்த்தி. மாணவர் ‘ஆனந்த விகட’னில் திரட்டிய படிப்போர் கூட்டத்தை ஆசிரியர் என்றும் பெற்றாரில்லை. கட்சிகள் கூர்மையுற்ற காலத்தில் நடுவுநிலை பேசினமையால் ‘நவசக்தி’ நலிந்தது என்று காரணமும் காட்டப்படுகிறது. இக்கூற்றில் உண்மை இல்லாமலில்லை. ஆயினும் இதனை முழுதும் ஏற்றல் நமக்கு இயலவில்லை.

அக்காலத்துச் சென்னையின் நிலையை முதற்கண் நோக்குதல் வேண்டும். அடையாற்றில் அன்னி பெசன்ட் அம்மையார் தன்னாட்சி இயக்கத்தை நடத்தி, ‘நியூ இந்தியா’ என்னும் ஆங்கில நாளிதழால் அதனைப் பரப்பி வந்தார். மயிலாப்பூர் வழக்கறிஞர்கள் காங்கிரசில் தனிச் செல்வாக்கு உடையராய் இருந்தனர். 1916-ஆம் ஆண்டு நவம்பரில் தென்னிந்திய நலவுரிமைச் சங்கம் தோன்றிற்று; மறு ஆண்டில் அதற்கு ஆங்கிலத்தில் ‘ஜஸ்டிஸ்’, தமிழில் ‘திராவிடன்’ என இதழ்களும் தோன்றின. அச்சங்கத் தலைவர்களுள் ஒருவரான பிட்டி தியாகராயர் பெயரால் அமைந்ததே தியாகராய நகர். அதன் நடுவே பனகல் அரசர் பெயரால் பூங்கா உள்ளது. இன்று பட்டுக்கடைக்கு விரைவோர் அப்பெயர்களில் ஒரு கட்சியின் வரலாறு உறைவதை எண்ணுவதில்லை. சில கல் தொலைவுக்குள் இத்தனை அணிகள் நின்றன. ஒவ்வோர் அணிக்கும் தனி இதழ் உண்டு. ஓர் அணியின் இதழைப் படிப்போர் மற்றோர் அணியின் இதழை ஏசுதற்பொருட்டே கையிலெடுப்பர்.

இச்சூழலில் 1917 டிசம்பரில் ‘தேசபக்தன்’ நாளிதழின் ஆசிரியப் பொறுப்பைத் திரு. வி. க. ஏற்றார். 1920 அக்டோபரில் ‘நவசக்தி’யைத் தொடங்கினார். அவர் யாழ்ப்பாணத்து நா. கதிரைவேற் பிள்ளையிடம் பயின்றவர். வெஸ்லி பள்ளியில் தமிழாசிரியராய் இருந்தவர். நீண்ட தொடர்களும் அடைமொழி அடுக்குகளும் நிறைந்த புலமை நடையே அவர் முதலிற் கைக்கொண்டது. அந்நடையை அவர் நாளிதழுக்காக உடைத்தார். தொடர்கள் குறுகின. வினா எழுப்பி உடனே விடை கூறும் முறை வந்தது. ஒரே சொல் மீண்டும் மீண்டும் வந்து, வாதம் படிப்படியாக ஏறிற்று. அரசியற் கருத்துக்களுக்கு ஆங்கிலச் சொற்களையும் வடசொற்களையும் அப்படியே பெய்துவந்த இதழ்கள் பலவாயிருந்த அந்நாளில், அவற்றைத் தமிழ்ச் சொற்களால் வழங்கிக் காட்டினார். ‘தேசபக்தாமிர்தம்’ என்னும் தொகுப்பையும் பிற்காலத்துத் ‘தமிழ்ச்சோலை’யையும் அடுத்தடுத்துப் படிப்போர்க்கு இம்மாறுதல் நன்கு விளங்கும்.

இந்நடை செவிக்குரிய நடை என்பதே நம் கருத்து. 1918 ஏப்ரலில் பி. பி. வாடியாவின் தலைமையில் சென்னைத் தொழிலாளர் சங்கம் எழுந்தபோது திரு. வி. க. அதன் முன்னணியில் நின்றார். ஆலைத் தொழிலாளருட் பெரும்பாலார் எழுத்தறியார். அவர்க்கு இதழ் என்பது மற்றொருவர் உரக்கப் படிக்கக் கேட்பது. மேடையிற் பேசிய வாக்கியம் தாளில் ஏறிற்று. தாளில் ஏறியது மீண்டும் செவிக்குத் திரும்பிற்று. விற்ற படிகளை எண்ணுவோர் இச்செவிகளை எண்ணுவதில்லை. ஆதலின் ‘நவசக்தி’யின் கூட்டம் சிறிது என்று கூறுவோரிடம், எதனை எண்ணினீர் என்று வினவும் உரிமை நமக்குண்டு.

இனிக் குறையையும் கூறுதல் கடன். 1917-இல் தோன்றிய சென்னை மாகாணச் சங்கம் காங்கிரசுக்குள் இருந்துகொண்டே பிராமணர் அல்லாதார்க்குப் பங்கு கேட்டது, திரு. வி. க. அதிற் பங்கு கொண்டவர். ஆயின் 1925 நவம்பரில் காஞ்சிபுரத்தில் கூடிய மாகாண மாநாட்டிற்கு அவரே தலைவர். வகுப்புவாரி உரிமை குறித்து ஈ. வெ. இராமசாமி கொணர்ந்த தீர்மானத்தை எடுத்துக்கொள்ள அவர் இடந்தரவில்லை. பெரியார் மாநாட்டினின்றும் வெளியேறினார். பின்னர்க் காங்கிரசினின்றும் விலகினார். அவ்வாண்டு மே மாதம் ஈரோட்டில் தொடங்கிய ‘குடி அரசு’ அன்றுதொட்டுத் திரு. வி. க.வைக் கடுமையாகத் தாக்கிற்று. அத்தாக்குதலின் சொற்களை நாம் ஏற்க வேண்டுவதில்லை. அதன் வினாவைத் தள்ளவும் இயலாது. இணக்கத்தை வேண்டி எழுதும் அவர் நடை, உரிமை பற்றிய வினா எழும்போது அதனை அன்பு, அறம், ஒருமை என்னும் பெருஞ்சொற்களுள் கரைத்துவிடும். படிப்போன் உள்ளம் குளிர்கிறது. தான் கேட்டதற்கு விடை என்ன என்பது தெரிவதில்லை. அவரைவிட்டு அகன்றோர் பலர் நடுவுநிலையை வெறுத்து அகன்றாரல்லர்; விடை கிடையாமையால் அகன்றனர் என்று நாம் கருதுகின்றோம்.

கல்கி மேற்கொண்ட வழி வேறு. எஸ். எஸ். வாசன் 1928-இல் ஏற்று வளர்த்த ‘ஆனந்த விகடன்’ குறுக்கெழுத்துப் போட்டியாலும் நகைச்சுவையாலும் வீட்டுக்குள் நுழைந்த இதழ். அதனுள் அமர்ந்த கல்கி, காங்கிரசுப் பற்றை மறைத்தாரில்லை. அதனைக் கதைக்குள் வைத்தார். ‘தியாகபூமி’ தொடர்கதையாய் வந்தபோதே படமாகவும் உருவாயிற்று. 1939-இல் வெளிவந்த அப்படத்தை அரசு தடை செய்தது. கட்சிக் கட்டுரையைத் தொடாத பெண்டிரும் முதியோரும் சாவித்திரியின் துன்பத்தை வாரந்தோறும் பின்தொடர்ந்தனர். இஃது அரிய வெற்றி. ஆயினும் ஒன்று நோக்கத்தக்கது. கதைக்காக வந்தவன் கொள்கையில் மாறுபட்டாலும் அடுத்த வாரமும் வருவான். அவனோடு வாதிட வேண்டிய தேவை ஆசிரியனுக்கு இல்லை. திரு. வி. க.வோ மாறுபட்டோனை வாதத்திற்கே அழைத்தார். கல்கியிடம் நகையும் விரைவும் மிகுதி; மாற்றானை மதித்து நெடிது பேசும் பொறுமை ஆசிரியரிடமே மிகுதி. நம் திறனாய்வாளர் பலர் முன்னதை மட்டும் நடையழகு எனப் பாராட்டுவது வியப்பே.

இக்காலத்துக் கைப்பேசித் திரையில் சினமூட்டும் செய்தியே விரைந்து பரவுகிறது. பார்த்தோர் தொகை அதன் அருகிலேயே தெரிகிறது. அத்தொகையை வெற்றியெனக் கொண்டு பழகிய கண்ணுக்குப் பழைய இதழ்களும் அவ்வாறே தோன்றுதல் இயல்பு. முதுகலை மாணவர் ‘நவசக்தி’யைப் பற்றி எழுதும்போது பெரும்பாலும் தொகுப்பு நூல்களையே நம்புகின்றனர். தொகுப்பில் கட்டுரை உண்டு. அஃது எவர்க்கு விடையாக எழுந்தது என்பது இல்லை. 1925, 1926-ஆம் ஆண்டுகளின் ‘நவசக்தி’ இதழ்களையும் அதே கிழமைகளின் ‘குடி அரசு’ இதழ்களையும் அருகருகே வைத்து, ஒவ்வொரு தலையங்கத்துக்கும் எதிர்த்தலையங்கம் எது என்று குறித்து ஒரு பதிப்பு வெளிவருதல் வேண்டும். சாது அச்சுக்கூடத்து வெளியீடுகளில் உள்ள கட்டுரைகளுக்கு நாள் குறிக்கும் பணியை அதற்கு முன்னரே தொடங்கலாம்.