நன்றிக் கல்லும் நடுகல்லும்: கிந்தா வட்டாரப் போர் நினைவிடங்கள் குறித்து ஒரு திறனாய்வு

முன்னுரை

போர் நினைவிடமும் ஒரு பனுவலே. எவர் பெயரைப் பொறிப்பது, எச்சொல்லால் அவரைச் சிறப்பிப்பது என்னும் தெரிவுகளே அதன் பொருளை உருவாக்குகின்றன. பேராக் மாநிலத்தின் லகாட் சிற்றூருக்கு வடக்கே ஈப்போவிலும் தெற்கே பத்து காஜாவிலும் உள்ள இரு நினைவிடங்களை இந்நோக்கில் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பெயர் பெற்றோரும் பெறாதோரும்

பத்து காஜாவில் உள்ள கல்லறைத் தோட்டம் 'காட்ஸ் லிட்டில் ஏக்கர்' என வழங்கப்பெறுகிறது. 1948 ஜூன் 16ஆம் நாள் சுங்கை சிப்புட் தோட்டங்களில் கொல்லப்பட்ட மூன்று ஐரோப்பியரும், 1960 வரை நீடித்த அவசரகாலத்தில் மாண்ட பிரித்தானியப் படைவீரர், காவல்துறையினர் பலரும் இங்கு அடக்கம் செய்யப்பட்டுள்ளனர். 1957இல் விடுதலை பெற்ற மலாயாவுக்குக் காமன்வெல்த் படைகள் அளித்தது நட்பு நாடுகளின் உதவி. அதற்கு நன்றி செலுத்துதல் முறையே. இங்கு இறந்தவருக்குப் பெயர் உண்டு, நாளும் உண்டு.

ஈப்போ இரயில் நிலையத்தின் எதிரே நிற்கும் நினைவுத்தூண் முதல் உலகப் போரில் இறந்தோருக்காக எழுப்பப்பட்டது. பின்னர் அது சயாம்–பர்மா இரயில் பாதையில் மாண்டோரையும் நினைவுகூரலாயிற்று. 1942–43இல் அமைக்கப்பட்ட, ஏறத்தாழ 415 கிலோமீட்டர் நீளமுடைய அப்பாதையில் போர்க்கைதிகள் சுமார் 12,000 பேர் இறந்தனர். ஆசியத் தொழிலாளர் இறப்போ இதனினும் பன்மடங்கு. அது 90,000 அளவில் இருக்கலாம் என மதிப்பிடுவர். அவர்களுள் மலாயாத் தோட்டப்புறத் தமிழர் பெருந்தொகையினர். காஞ்சனபுரி போர்க் கல்லறையில் கைதிகள் ஏறத்தாழ 7,000 பேர் துயில்கின்றனர். தொழிலாளருக்கு அத்தகைய பெயர்வரிசை இல்லை.

இதற்குக் காரணம் மறதி மட்டுமன்று. 'உதவி', 'தியாகம்' ஆகிய சொற்கள் விரும்பிக் கொடுப்பவரையே குறிக்கும். வலிந்து இழுத்துச் செல்லப்பட்டவர் எந்த நாட்டின் சார்பிலும் எதையும் கொடுக்கவில்லை. அவரிடமிருந்து உயிர் பறிக்கப்பட்டது. நன்றியின் மொழியில் அவருக்கு இடமில்லை. 1944இல் ஜப்பானியப் படையினரே காஞ்சனபுரியில் எழுப்பிய நினைவுத்தூணில் தமிழும் இடம்பெற்றுள்ளது. ஆகவே கல்லில் தமிழ் இருப்பதனால் மட்டும் நீதி வந்துவிடாது.

நடுகல்லும் நாவலும்

தொல்காப்பியம் காட்சி முதல் வாழ்த்து ஈறாக நடுகல்லின் நிலைகளைக் கூறுகிறது. நடுகல் மரபு ஆநிரை கவர்ந்தவனுக்கும் மீட்டவனுக்கும் கல் நட்டது. எனினும் அதுவும் வீரனுக்குரிய மரபே. வாந்திபேதியிலும் மலேரியாவிலும் மடிந்த தொழிலாளி அதன் எல்லைக்கு அப்பாற்பட்டவன். 2023இல் காஞ்சனபுரியில் தமிழர்க்கென நடுகல் நிறுவப்பட்டபோது அம்மரபு முதன்முறையாக அவனையும் நோக்கி விரிந்தது எனலாம்.

அதற்கு முன்பே இப்பணியை மலேசியத் தமிழ் நாவல் தொடங்கிவிட்டது. ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்' 1993இல் வந்தது. ஜப்பானியர் ஆட்சியைச் சிறுவயதில் கண்ட அ. ரெங்கசாமி, இதே பொருளில் தாம் எழுதிய நாவலுக்கு 'நினைவுச்சின்னம்' என்றே பெயரிட்டார். கல் இல்லாத இடத்தில் நூலே கல்லாகும் என்னும் அறைகூவலை அத்தலைப்பில் காண்கிறோம். எனினும் புனைவு தரும் பெயர்கள் கதைமாந்தர் பெயர்களே. சாவின் காரணத்தை நாவல் சொல்லும். செத்தவரின் பெயர்ப்பட்டியலைத் தராது.

முடிவுரை

அப்பட்டியலின் எச்சங்கள் கிந்தாவின் முன்னாள் தோட்டக் குடும்பங்களின் நினைவில் உள்ளன. சயாமுக்குப் போய்த் திரும்பாத பாட்டன், அவர் வேலை செய்த தோட்டம், புறப்பட்ட ஆண்டு ஆகிய மூன்றையும் மாணவர்வழித் திரட்டும் வாய்ப்பு தமிழாசிரியர்க்கே மிகுதி. நடுகல்லின் முதல் நிலையாகிய காட்சி, தக்க கல்லைத் தேடிக் காண்பதாகும். நமக்கோ கல் கிடைத்துவிட்டது. பொறிக்க வேண்டிய பெயர்களையே இனித் தேடிக் காண வேண்டும்.