அலகும் அடியும்

காலணிக் கடையின் உள்ளமைப்பைத் திறனாய்வுப் பொருளாக்குவதா என்று தமிழன்பர் சிலர் முகம் சுளிக்கக்கூடும். இந்திரவிழவூரெடுத்த காதையில் மருவூர்ப்பாக்கத்துக் கைவினைஞரை நிரல்படுத்திய இளங்கோவடிகள், தோல் தைப்போரை விட்டுவிடவில்லை. அவர் கூசாத இடத்தில் நாம் கூசுவானேன்?

இன்று கோலாலம்பூரிலும் கிள்ளானிலும் காலணிக் கடைகள் பலவற்றுள் அலகுத் தட்டுகளே ஆட்சி செய்கின்றன. ஒரே அளவினவாகிய பெட்டிகளும் தட்டுகளும் துளையிட்ட இரும்புத் தாங்கிகளில் பொருத்தப்பட்டிருக்கும். சுவரை உடைக்காமல் கழற்றலாம். வேறு வகையாய் அடுக்கலாம். தீபாவளிக்கு மிதியடிகள் நிறைந்த சுவரே பள்ளி திறக்கும் காலத்தில் கறுப்புச் சப்பாத்துகளுக்கு இடம் தரும். நேரசை, நிரையசை என்னும் இரண்டைக் கொண்டே எத்தனையோ சீர்களை ஆக்கிக்கொள்கின்றோம் அன்றோ? அதனை ஒத்ததே இம்முறை. இதனை வெறும் மேனாட்டு மோகம் என்று தள்ளுவார் கூற்று எமக்கு உடன்பாடன்று.

இவ்வெண்ணத்துக்கு வரலாறும் உண்டு. இன்றைய செக் நாட்டின் ஸ்லீன் நகரில் 1894இல் தோன்றிய பாட்டா நிறுவனம், தன் ஆலைக் கட்டடங்களை 6.15 மீட்டர்ச் சதுரத்தை அலகாகக் கொண்டு எழுப்பியது. பிராகா நகரில் 1929இல் கண்ணாடி முகப்புடைய கடை மாளிகையைக் கட்டி முடித்தது. 1930களின் நடுவில் லெ கொர்புசியே என்னும் புகழ்பெற்ற கட்டடக் கலைஞர் அதன் கடைகளுக்குப் பொது அமைப்பொன்றை வரைந்தார். அது செயலுக்கு வரவில்லை. பின்னர்க் கிள்ளானில் ஆலை நிறுவியதும் இதே பாட்டாதான். 6.15 மீட்டர் ஏறத்தாழ 20 அடி. நம் பழைய கடைவீடுகள் பலவற்றின் முகப்பகலமும் அதற்கு அணித்தே!

அப்படியாயின் குறை யாது? அலகு எதனை அளந்து பிறந்தது என்பதே வினா. நம் கடைகளில் அது காலணிப் பெட்டியை அளந்து பிறந்திருக்கிறது, காலை அளந்தன்று.

கிள்ளானில் ஒரு கடையில் யான் கண்டதைக் கூறுகின்றேன். விளையாட்டுச் சப்பாத்துகள் முகப்பில் விளக்கொளியில் மின்னின. பள்ளிச் சப்பாத்துகளோ உட்கோடியில், தரையை ஒட்டிய தட்டில். இன்னும் ஒரு வரிசைத் தட்டு வைப்பதற்காக இருக்கையை அகற்றியிருந்தனர். பேரனை அழைத்து வந்த மூதாட்டி நின்றவாறே இருந்தார். சிறுவன் ஒற்றைக் காலில் நின்று தட்டைப் பற்றினான்; தட்டு ஆடியது; இரண்டு சப்பாத்துகள் விழுந்தன. விற்பனைப் பெண் ஒன்றும் சொல்லவில்லை. ஆயினும் பாட்டி நாணி, “வளர்ற பிள்ளைதானே” என்று இரண்டு எண் பெரியதாக வாங்கிச் சென்றுவிட்டார். ஆங்கில அளவு முறையில் ஓரெண்ணுக்கு அங்குலத்தில் மூன்றில் ஒரு பங்கு வேறுபாடு. அச்சிறுவன் ஓராண்டு குதிகாலை இழுத்தே நடப்பான். இத்தகைய நடையைப் பள்ளித் திடலில் ஆண்டுதோறும் காண்கின்றேன்.

பழைய கடைகளே சிறந்தன என்பது என் கருத்தன்று. அங்கே சாய்பலகை முக்காலி இருந்தது. கால் அளக்கும் கருவியும், குனிந்து அளக்க ஓர் ஆளும் இருந்தனர். ஆனால் கூரைவரை அடுக்கிய பெட்டிகளுள் சரக்கு ஆண்டுக்கணக்கில் இருளில் கிடந்தது. நம் ஈரக் காற்றில் தோல் பூசணம் பிடிக்கும். பாலியுரேத்தேன் அடித்தளம் அணியாமலேயே பொடிந்து உதிரும். எல்லாம் கண்முன் இருக்கும் அலகு முறை இவ்வகையில் மேலானது. அதிலும் மரத்தூள் பலகை ஈரத்தில் ஊதும். தட்டுகள் சுவரைவிட்டுச் சற்று விலகி நிற்றல் வேண்டும்.

இருக்கையையும் ஓரலகாக ஏன் கொள்ளலாகாது? 45 செ.மீ. உயரம், கீழே சரக்கு வைக்கும் அறை, எதிரே காலளவில் ஒரு கண்ணாடி. பள்ளிச் சப்பாத்தைச் சிறுவர் கைக்கு எட்டும் தட்டில் வைக்கலாம். அலகிட்டுப் பார்த்தால் தளை தட்டாத வெண்பாவிலும் கவிதை இல்லாது போவதுண்டு. நம் கடைகள் பல அத்தகையன.

பிரிக்பீல்ட்ஸில் ஐந்தடி நடைபாதையை ஒட்டிய சிறு கடையொன்றில், உரிமையாளர் இரண்டு பெட்டி அலகுகளைக் கவிழ்த்து, மேலே மெத்தை விரித்திருந்தார். எந்த விலைப்பட்டியலிலும் அப்படியோர் இருக்கை இராது. அன்று மழை. மூவர் அதில் அமர்ந்து, ஈரக் காலைத் துடைத்துக்கொண்டு, சப்பாத்து அணிந்து பார்த்துக்கொண்டிருந்தனர்.