பள்ளி துறந்த வீடும் பள்ளி இழந்த ஊரும்

பிள்ளைகளைப் பாடசாலைக்கு அனுப்பாது, பாடத்திட்டமும் பரீட்சையும் இன்றி, அவர்தம் ஆர்வம் செல்லும் வழியே வீட்டில் வளர்க்கும் முறையை ஒரு வாழ்க்கைநெறியாகவே பரப்பியவர் ஐக்கிய அமெரிக்காவின் ஜோன் ஹோல்ட் ஆவார். நம்மிடையேயும் இதனை முற்போக்குக் கருத்தென வரவேற்போர் உளர். ஆதலின் அவரை நாம் ஊன்றிப் படித்தல் வேண்டும்.

ஹோல்ட் ஐந்தாம் வகுப்பு ஆசிரியராகத் தனியார் பாடசாலைகளிற் பணியாற்றியவர். 1964 இல் வெளிவந்த அவரது முதல் நூல், பிள்ளைகள் ஏன் தோற்கின்றனர் என்பதை ஆராய்கின்றது. பிள்ளை கணக்கைச் சிந்திப்பதில்லை. ஆசிரியரின் முகத்தைப் பார்த்து விடையை ஊகிக்கின்றது. அச்சமே அதற்கு அந்தத் தந்திரத்தைப் பயிற்றுகின்றது என்கிறார். இதனை மறுக்க நம்மால் இயலாது. "விளங்கிச்சுதா?" என்று கேட்டதும் நாற்பது குரல்கள் "ஓம் சேர்" என ஒலிப்பதையும், விடைத்தாளைத் திருத்தும் இரவில் அந்த 'ஓம்' கரைந்து போவதையும் கண்டவர்கள்தாமே நாம்!

பாடசாலைகளைச் சீர்திருத்தலாம் என்ற நம்பிக்கையைப் பின்னர் இழந்த ஹோல்ட், 1977 இல் பள்ளியின்றி வளரும் பிள்ளைகளுக்காக ஓர் இதழைத் தொடங்கினார். 1981 இல் பெற்றோருக்கு வழிகாட்டும் நூலொன்றையும் எழுதினார். இங்கேதான் நாம் அவரைவிட்டுப் பிரிய நேர்கின்றது. பகல் முழுவதும் பிள்ளையோடு வீட்டில் இருக்கப் போவது யார்? பெரும்பாலும் தாய். அவளது கூலி இல்லாமலே உலை கொதிக்கும் வீட்டுக்கன்றோ இந்தச் சுதந்திரம் கைகூடும்!

அதே அமெரிக்காவில், வேர்ஜீனியா மாநிலத்தின் பிரின்ஸ் எட்வேர்ட் மாவட்டத்தில், வேறொரு வகையிற் பள்ளியின்றி வளர்ந்த பிள்ளைகள் இருந்தனர். அங்கே கறுப்பின மாணவரின் உயர்நிலைப் பாடசாலை 180 பேருக்கெனக் கட்டப்பட்டது. படித்தவர்களோ 450 பேருக்கு மேல். எஞ்சியோருக்குத் தார்க்கடதாசி போர்த்த கொட்டில்களே வகுப்பறைகள். 1951 ஏப்ரலில் பார்பரா ஜோன்ஸ் என்னும் பதினாறு வயது மாணவி தலைமைதாங்க, பிள்ளைகள் வகுப்புகளைவிட்டு வெளியேறினர். அவர்கள் வெளியேறியது பாடசாலை வேண்டாமென்றல்ல, நல்ல பாடசாலை வேண்டுமென்றே. அவர்களின் வழக்கும் இணைந்த வழக்கில்தான் 1954 இல் உயர்நீதிமன்றம் இனப் பிரிவினைப் பாடசாலைகள் சட்டவிரோதமெனத் தீர்த்தது.

வெள்ளையர் நிர்வாகம் தீர்ப்புக்குப் பணிவதிலும் 1959 இல் அரசாங்கப் பாடசாலைகள் அனைத்தையும் பூட்டிவிடுவதே மேலெனக் கண்டது. வெள்ளைப் பிள்ளைகளுக்குத் தனியார் கல்விக்கூடம் எழுந்தது. கறுப்புப் பிள்ளைகளிற் சிலர் வெளியூர் உறவினரிடம் சென்றனர். சிலர் தேவாலயங்களில் எழுத்துக் கற்றனர். பலருக்கு எதுவும் இல்லை. 1963 இல் நன்கொடையால் நடந்த இலவசப் பாடசாலைகள் திறக்கப்பட்டன. அரசாங்கப் பாடசாலைகள் நீதிமன்ற ஆணையின் பின் 1964 இலேதான் திறந்தன. ஹோல்டின் முதல் நூல் வந்ததும் அவ்வாண்டே.

ஹோல்ட் ஏழைகளை மறந்தவரல்லர். பள்ளிப்படிப்பு வறுமையைத் தீர்க்காது என்று 1972 இல் வாதிட்டவர் அவர். தீர்க்காதுதான்; நிலமும் தொழிலும் சிலர் கையிலிருக்கச் சான்றிதழ் என்ன செய்யும்? ஆயின் பள்ளியின்மை என்ன செய்யும் என்பதற்கு அம்மாவட்டம் சாட்சி. 2004 இல் வேர்ஜீனியா அரசு, பூட்டிய கதவுகளால் படிப்பிழந்தோருக்கெனப் புலமைப்பரிசில் திட்டமொன்றை ஏற்படுத்தியது. ஐம்பதும் அறுபதும் கடந்தவர்கள், விட்ட இடத்திலிருந்து படிக்க விண்ணப்பித்தார்கள்.