ஊர்வாயும் நீதிமன்றமும்: 'ஈவில் ஏஞ்சல்ஸ்' பற்றிச் சில குறிப்புகள்

பிரெட் ஷெப்சியின் 'ஈவில் ஏஞ்சல்ஸ்' (1988) திரைப்படம் எம்மவர் மத்தியில் அவ்வப்போது திரையிடப்படுவதும், அதன்பின் 'ஊடகங்கள் நடத்திய விசாரணை' என்ற ஒற்றை முடிவோடு எல்லோரும் தேநீருக்கு எழும்பிப் போவதும் வழமையாகிவிட்டது. மெரில் ஸ்ட்ரீப்பின் நடிப்பைப் பற்றி இரண்டு வார்த்தை, மஞ்சள் பத்திரிகைகளைப் பற்றி நான்கு வார்த்தை. இந்த முடிவு பாதி சரியானது. மீதிப் பாதி, படத்துக்கு மூலமான ஜோன் பிரைசனின் நூலில் (1985) கிடக்கிறது. நூலைப் படிக்காமல் படத்தை மட்டும் விவாதிப்பது எம்மிடையே பெருகிவரும் ஒரு நோய் என்பது எனது அபிப்பிராயம். அதை இன்னொரு சந்தர்ப்பத்துக்கு விட்டுவிடுகிறேன்.

வழக்கை அறியாத வாசகர்களுக்காகச் சுருக்கமாக: 1980 ஆகஸ்ட் 17 இரவு, அவுஸ்திரேலியாவின் வட பிரதேசத்தில் உலூரு பாறையடியில் கூடாரமிட்டிருந்த சேம்பர்லைன் குடும்பத்தின் ஒன்பதரை வாரக் குழந்தை அசேரியா காணாமற்போனாள். டிங்கோ என்ற காட்டுநாய் கூடாரத்திலிருந்து வெளியேறியதைக் கண்டதாகத் தாய் லிண்டி சொன்னார். ஒரு கிழமை கழித்து உடுப்புகள் கிடைத்தன. உடல் இன்றுவரை கிடைக்கவில்லை. 1981 பெப்ரவரியில் முதலாவது மரண விசாரணை தாயின் சொல்லை ஏற்றது. அது இரத்துச் செய்யப்பட்டு, இரண்டாவது மரண விசாரணை அவரைக் கொலை வழக்குக்கு அனுப்பியது. 1982 ஒக்டோபர் 29 அன்று டார்வினில் ஜூரிகள் லிண்டியைக் குற்றவாளியெனக் கண்டனர். ஆயுட்தண்டனை. கணவர் மைக்கலுக்கு, குற்றத்தை மறைக்க உதவியதாக ஒத்திவைக்கப்பட்ட 18 மாதச் சிறை. அப்போது நிறைமாதக் கர்ப்பிணியாக இருந்த லிண்டி அடுத்த மாதமே ஒரு பெண்குழந்தையைப் பெற்றார்.

படம் இந்தக் கதையைச் சொல்லும் முறை கெட்டித்தனமானது. சாப்பாட்டு மேசை, மதுச்சாலை, ரெனிஸ் மைதானம் என்று திடீர் திடீரெனக் காட்சி மாறுகிறது. முகந்தெரியாத மனிதர்கள் தீர்ப்புச் சொல்கிறார்கள். உண்மையிலும் அப்படித்தான் பேசினார்கள். ஏழாம் நாள் அட்வென்ரிஸ்ட் சபையினர் என்பதால் நரபலி என்றார்கள். குழந்தையின் பெயருக்கு 'வனாந்தரத்துப் பலி' என்று பொருள் என்றார்கள். எபிரேய மொழியில் அதற்குக் 'கடவுள் உதவினார்' என்பதே பொருள். பிள்ளைக்குக் கறுப்புச் சட்டை தைத்தாளாம். எல்லாவற்றுக்கும் மேலாக, தொலைக்காட்சியில் அவள் அழவில்லை. நீதிமன்ற வாசலில் 'டிங்கோ நிரபராதி' என்று அச்சிட்ட ரீசேட்டுகளோடு ஆட்கள் நின்றார்கள்.

எனது முரண்பாடு இங்கேதான் தொடங்குகிறது. ஊர்வாயை வில்லனாக்கியதும் படம் பார்க்கும் நாம் எல்லோரும் அந்த ஊரிலிருந்து விலக்கு வாங்கிக்கொள்கிறோம். நீதிமன்றமும் விலக்கு வாங்கிக்கொள்கிறது. ஆனால் லிண்டியைச் சிறைக்கு அனுப்பியது மதுச்சாலை அல்ல. ஏறத்தாழ ஏழு வாரம் விசாரணை நடந்தது. திறமையான சட்டத்தரணிகள் குறுக்கு விசாரணை செய்தார்கள். நீதியரசர் முயர்ஹெட்டின் தொகுப்புரை விடுதலையின் பக்கம் சாய்ந்திருந்ததாகவே பலரும் எழுதினர். நடைமுறை முழுவதும் கடைப்பிடிக்கப்பட்டது. கடைப்பிடிக்கப்பட்டும் பிழைத்தது. அது எப்படி என்ற கேள்வியைத் தானே ஒரு சட்டத்தரணியான பிரைசன் நூல் முழுக்கத் துரத்துகிறார். படத்தில் அது சில நிமிடங்களில் கடந்துபோகிறது.

முதலாவது மரண விசாரணை அதிகாரி டெனிஸ் பாரிற் செய்ததைக் கவனியுங்கள். வதந்திகளுக்குப் பதிலாக அவர் தனது முடிவைத் தொலைக்காட்சியில் நேரடியாக ஒலிபரப்ப அனுமதித்தார். அவுஸ்திரேலியாவில் அதுவே முதற்தடவை. திரைமறைவுக் கதைகளைத் திறந்த நடைமுறையால் எதிர்கொள்வது நல்ல நோக்கம்தான். ஆனால் அதே முடிவில், டிங்கோவிடமிருந்து உடலைப் பின்னர் யாரோ இனந்தெரியாதவர் அகற்றியிருக்கலாம் என்றும் சேர்த்தார். பொலிசாரையும் வனப் பாதுகாப்பு நிர்வாகத்தையும் கண்டித்தார். கண்டிக்கப்பட்டவர்கள் நாடெங்கும் பார்க்கக் கண்டிக்கப்பட்டார்கள். அந்த 'யாரோ' என்ற ஒரு சொல் கோப்பைத் திறந்தே வைத்திருந்தது. பிரதான வனக்காவலர் டிங்கோக்களின் ஆபத்துப் பற்றி முன்கூட்டியே மேலிடத்துக்கு எழுதி எச்சரித்திருந்தார் என்ற சங்கடமான செய்தியைவிட, கத்தரிக்கோல் பிடித்த தாய் நிர்வாகத்துக்கு வசதியாக இருந்தாள் என்று நான் நினைக்கிறேன்.

இனி ஆய்வுகூடம். ஒரு காலத்தில் இரசாயனவியல் கற்பித்தவன் என்ற முறையில் இந்தப் பகுதியில் கொஞ்சம் நிற்கவேண்டியிருக்கிறது, வாசகர்கள் பொறுத்தருள்க. குழந்தை காரின் முன் ஆசனத்தில் வைத்துக் கொல்லப்பட்டது என்பது அரச தரப்பின் வாதம். உடல் இல்லை, ஆயுதம் இல்லை, நோக்கம் நிரூபிக்கப்படவில்லை. ஆகவே காரில் இரத்தம் வேண்டியிருந்தது. சம்பவம் நடந்து ஒரு வருடத்துக்கு மேல் கழிந்தபின் கைப்பற்றப்பட்ட காரில், சிசுக்களின் குருதியில் மிகுந்திருக்கும் கருநிலை ஹீமோகுளோபின் கண்டறியப்பட்டதாக ஆய்வாளர் சாட்சி சொன்னார். அந்தச் சோதனை, குறித்த புரதத்தோடு மட்டுமே வினைபுரியும் என்று நம்பப்படும் ஒரு எதிர்ச்சீரத்தை வைத்துச் செய்யப்படுவது. 'மட்டுமே' என்பதை ஒவ்வொரு முறையும் நிரூபிக்கவேண்டும்: வளர்ந்தவரின் இரத்தத்தையும், இரத்தமே இல்லாத மாதிரியையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடவேண்டும். முதலாம் வருட மாணவனுக்கு நாம் சொல்லிக்கொடுப்பது இது. ஒப்பீடு போதாமல் இருந்தது ஒருபுறமிருக்க, சோதனைத் தட்டுகளே வழக்குக்கு முன்னர் வீசப்பட்டுவிட்டன. அந்த ஆய்வுகூடத்தின் வழமை அது. எதிர்த்தரப்பு நிபுணர்கள் பார்ப்பதற்கு ஆய்வாளரின் குறிப்புகள் மட்டுமே மிஞ்சின. ஜூரிகளுக்கு மிஞ்சியது அவருடைய தன்னம்பிக்கை.

முன்பலகைக்கு அடியில் தெறித்திருந்த 'இரத்தத் துளிகள்' இன்னும் விசித்திரமானவை. சேம்பர்லைன்களுக்காக உழைத்த சாதாரண மனிதர்கள் அதே மாடல் வேறு கார்களுக்குள் தலையை விட்டுப் பார்த்தபோது அங்கும் அதே தெறிப்பு இருந்தது. அது தொழிற்சாலையில் சத்தத்தைத் தணிக்க விசிறப்படும் பூச்சு. மெல்பேர்ணில் கார்த் தொழிற்சாலைகள் 2017ல் மூடப்படும்வரை, உதிரிப்பாகம் செய்யும் ஒரு பட்டறையில் அதையொத்த பூச்சை விசிறியவன் நான். அது மூலைகளில் எப்படித் தெறித்துக் காயும் என்பதை என்னோடு நின்ற எந்தத் தொழிலாளியும் சொல்லியிருப்பான். நிபுணர் யார் என்பதைத் தீர்மானிக்கும் இடத்திலேயே ஒரு வர்க்கம் வெளியே நிற்கிறது. குடும்பம் வாழ்ந்த மவுண்ட் ஐசா ஒரு செம்புச் சுரங்க நகரம் என்பதும், இரத்தத்துக்கான முதற்கட்டச் சோதனையில் செம்புத் தூசியும் நிறம் காட்டக்கூடியது என்பதும் பின்னர்தான் பேசப்பட்டன.

வெளியே நின்றவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அன்றிரவே சுவடு பார்த்த அனங்கு மக்கள், டிங்கோ எதையோ சுமந்து சென்றதையும் இடையில் இறக்கி வைத்ததையும் மணலில் வாசித்திருந்தார்கள். மொழிபெயர்ப்பாளரை வைத்து அவர்களை ஒழுங்காக உட்காரவைத்துக் கேட்டது 1986ல் அமைக்கப்பட்ட மோர்லிங் விசாரணை ஆணையம்தான். லண்டனிலிருந்து ஊதாக்கதிரில் துணியைப் பார்த்து அதில் இரத்தம் தோய்ந்த கையின் அடையாளம் இருப்பதாகச் சொன்ன பேராசிரியருக்கு நீதிமன்றத்தில் தாராளமாக நேரம் இருந்தது.

மேன்முறையீடுகளைப் பற்றி அதிகம் எழுதத் தேவையில்லை. 1983ல் பெடரல் நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. 1984ல் உயர் நீதிமன்றம் மூன்றுக்கு இரண்டு என்ற கணக்கில் தள்ளுபடி செய்தது. அங்கே கேட்கப்பட்டது 'அவள் செய்தாளா' என்ற கேள்வி அன்று. கேட்ட சாட்சியத்தை வைத்து ஜூரிகள் அப்படி முடிவு செய்திருக்க இயலுமா என்பதே. சாட்சியமே கோணல் என்றால் அந்தக் கேள்வியால் அதைத் தொடமுடியாது. நீதியரசர்கள் மேர்பியும் டீனும் மட்டும் இந்தத் தீர்ப்பை நிற்கவிடலாகாது என்றார்கள். மூன்று வருடங்களுக்கு மேல் சிறையில் இருந்த லிண்டியை 1986 பெப்ரவரியில் வெளியே கொண்டுவந்தது சட்டமல்ல. பாறையிலிருந்து விழுந்த ஒரு உல்லாசப் பயணியின் உடலைத் தேடியவர்கள் டிங்கோக் குகைகளுக்கு அருகே குழந்தையின் மேற்சட்டையைக் கண்டெடுத்தார்கள். அப்படியொரு சட்டை இருந்ததாக அவர் ஆரம்பத்திலிருந்தே சொல்லிவந்தார். பொய் என்று எள்ளப்பட்டார். இந்தச் சாட்சியங்களெல்லாம் அன்றே இருந்திருந்தால் நீதிபதி விடுவிக்கும்படி ஜூரிகளுக்குப் பணித்திருக்க வேண்டியிருக்கும் என்று மோர்லிங் 1987ல் எழுதினார். 1988 செப்டெம்பரில் தண்டனைகள் இரத்தாயின. மரண விசாரணையோ மூன்றாவது, நான்காவது என்று நீண்டு, 2012 ஜூன் 12 அன்றுதான் டிங்கோ என்று எழுதி முடித்தது.

எம்மிடையே சிலர் இதைப் படித்துவிட்டு, பூர்சுவா சட்டத்தின் இலட்சணம் இதுதான், நடைமுறை என்பதெல்லாம் அலங்காரம் என்று சொல்லக்கூடும். சொல்லியும் இருக்கிறார்கள். நான் இதற்கு உடன்படவில்லை. இந்த வழக்கில் ஒவ்வொரு தவறும் நடைமுறை ஒரு படி குறைந்த இடத்தில் நடந்தது: தட்டுகள் காக்கப்படவில்லை, சுவடு வாசித்தவர்கள் கேட்கப்படவில்லை, மேன்முறையீட்டில் புதிதாகப் பார்க்கும் கண் இல்லை. திருத்தமும் நடைமுறையால்தான் வந்தது, ஆறுதலில்லாத தாமதத்தோடு. 2015லிருந்து 2024 வரை இந்த நாட்டில் படகில் வந்த எமது ஆட்களின் அகதிக் கோரிக்கைகளை மீளாய்வு செய்த அதிகாரசபை, பெரும்பாலும் ஆளை நேரில் கூப்பிடாமல் கோப்பை மட்டுமே பார்த்தது. அதற்கு முன்னால் நேர்முகத்தில், மொழிபெயர்ப்பாளர் வழியாக, தம்பி செத்த கதையைச் சொல்லும்போது அழாத ஒருவனை நம்பலாமா என்று யாரோ எடைபோட்டிருப்பார்கள். லிண்டியின் முகத்தைப் பற்றிய பேச்சை வெள்ளைக்காரரின் மத வெறுப்பு என்று மட்டும் வாசிப்பவர்களுக்கு இது தெரியாததல்ல.

பிரைசனின் நூலுக்கும் ஒரு குறை உண்டு. அது வெளிவந்தபோது லிண்டி சிறையில் இருந்தார். ஆகவே மோர்லிங் அறிக்கை அதில் இல்லை. கதை முழுமை பெற அந்த அறிக்கையை வாசித்தாகவேண்டும். சுவாரசியமற்ற எழுத்துத்தான், பந்திக்குப் பந்தி இலக்கமிட்டு நகர்கிறது. அதில் காரில் கண்ட இரத்தம் பற்றிய பகுதியையாவது யாராவது தமிழில் தந்தால் இந்தச் சஞ்சிகை வெளியிடும் என்று நம்புகிறேன். இரசாயனச் சொற்களுக்கு என்னால் உதவமுடியும். ஞாயிற்றுக்கிழமைகளில் எனக்கு வேலை இல்லை.