சாம்பிராணியும் வனிலாவும்: ஒரு நறுமணச் சேர்க்கை

தூபப் பிசினும் வனிலாவும் கலந்த சென்ட்டுக்கு அடிப்படை, அந்த இரண்டு மணங்களுக்கும் இடையே உள்ள இயல்பான உறவு. லாவோஸிலிருந்து வரும் சயாம் சாம்பிராணியில், வனிலாவுக்கு மணம் தரும் வனிலின் இயற்கையாகவே உண்டு. நல்ல கட்டியை உடைத்து, தணலில் இடுவதற்கு முன்பே முகர்ந்தால் அந்த இனிப்பு மூக்கில் படும். 1874-இல் ஜெர்மானிய வேதியியலாளர்கள் டீமனும் ஹார்மனும் வனிலினைச் செயற்கையாக உருவாக்கியதும் ஊசியிலை மரச்சாற்றில் கிடைக்கும் ஒரு பொருளிலிருந்துதான். பாரிஸின் கெர்லான் நிறுவனம் 1925-இல் ஒரு கண்காட்சிக்குக் கொண்டுவந்த ‘ஷாலிமார்’ சென்ட் இந்த வகைக்கு இன்றும் அளவுகோல். அதில் பெர்கமோட்டின் புளிப்பு வாசம் மேலே நிற்க, வனிலாவும் பிசின்களும் அடியில் தாங்குகின்றன.

இந்த வகைச் சென்ட்டை மணிக்கட்டில் இட்டவுடன் எழுவது, அதில் சேரும் இன்னொரு தூபப் பிசினான குந்திரிக்கத்தின் எலுமிச்சை கலந்த காரம். அதைத் தரும் பைனீன் போன்ற லேசான பொருள்கள் விரைவில் ஆவியாகிவிடும். அது அடங்கியபின் சாம்பிராணி தோலோடு ஒட்டி, வனிலாவின் இனிப்பை மெல்ல விடுகிறது. மறுநாள் சால்வையின் மடிப்பை விரித்தாலும் அந்த வெதுவெதுப்பு இருக்கும். மலர் மணங்களில் பலவற்றுக்கு இந்த ஆயுள் கிடையாது.

வனிலின் எளிதில் ஆவியாகாததுதான் இந்த நீடிப்புக்குக் காரணம்; தொல்லைக்கும் அதுவே காரணம். பூசியவரின் மூக்கு சிறிது நேரத்தில் பழகிப்போய் மணத்தை உணராது. மணம் போய்விட்டதென்று அவர் மீண்டும் பூச, பக்கத்தில் இருப்பவருக்குத் திகட்டும். சென்னையின் மே மாத வெயிலில், கூட்டமான பேருந்தில், இது உண்மையான இடைஞ்சல். வெளிச்சமும் காற்றும் பட்டால் வனிலின் பழுப்பேறும் என்பதால் வெள்ளைச் சட்டையின் கழுத்துப்பட்டையில் கறை விழுவதும் உண்டு. பிசின்கள் ஒத்துக்கொள்ளாமல் சிலருக்குத் தோல் சிவந்து அரிக்கும்.

இவற்றைவிடப் பெரிய குறை கலவையில் இருக்கிறது. தலைக்குக் குளித்த கூந்தலுக்குச் சாம்பிராணி காட்டிப் பழகிய தமிழ் வீட்டாருக்கு அந்த மணம் என்றால் புகைதான். ஆனால் வடித்தோ கரைத்தோ எடுத்த பிசின் சாரத்தில் எரிந்த வாசம் இராது. பிர்ச் மரத் தார் போன்ற வேறு பொருளைச் சேர்த்துத்தான் புகையைக் கொண்டுவர வேண்டும். அந்தச் செலவையும் சிரமத்தையும் தவிர்த்து வனிலாவைக் கூட்டிவிடும் தயாரிப்புகளில் தூபம் பெயரளவுக்கே நிற்கிறது. மிஞ்சுவது கேக் கடை வாசம். புகையின் வறட்சி இனிப்பை இழுத்துப் பிடிக்கும் கலவையே இந்த வகையில் மேலானது.

பூசும் முறையும் முக்கியம். குளிர்ந்த மாலையில், நன்கு உலர்ந்த தோலில், உடைக்குள் மறையும் இடத்தில் ஒரே ஒரு முறை தெளித்தால் போதும். பட்டும் வெள்ளைத் துணியும் படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.