அண்டப் பேரச்சமும் மேசைக் கதையாடலும்

மெய்ப்பாடுகளை எட்டாக வகுத்த தொல்காப்பியர், அச்சத்தை அவற்றுள் ஒன்றாக வைத்து, அணங்கும் விலங்கும் கள்வரும் தம்மை ஆளும் இறையும் அதற்குரிய நிலைக்களன்கள் எனக் காட்டினார். மருட்கையை அதனின் வேறாக வைத்து, புதுமை, பெருமை, சிறுமை, ஆக்கம் ஆகிய நான்கும் வியப்பைப் பிறப்பிக்கும் என்றார். இவ்விரு மெய்ப்பாடுகளும் பிரிக்க இயலாதவாறு கலந்து நிற்கும் ஓர் இலக்கிய வகை இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் அமெரிக்காவில் உருப்பெற்றது. அதில் பேசப்படும் பெருமை வானவெளியின் பெருமை; சிறுமை அதன் கீழ் நிற்கும் மனிதனின் சிறுமை. அங்கே எதிர்ப்படும் பேராற்றல் மனிதனைப் பகைப்பதில்லை; அவன் ஒருவன் இருப்பதையே அது பொருட்படுத்துவதில்லை. அந்தப் பாராமுகத்திலிருந்து பிறக்கும் நடுக்கத்தை அண்டப் பேரச்சம் எனலாம்.

இவ்வகையைத் தனித்துறையாக நிலைநிறுத்தியவர் ரோட் ஐலண்டு மாநிலத்துப் பிராவிடன்ஸ் நகரில் பிறந்து அங்கேயே மறைந்த எச். பி. லவ்கிராப்ட் (1890–1937). மலிவு விலை இதழ்களில் எழுதி, வறுமையில் வாடி மறைந்தவர் அவர். அவருடைய ‘கத்தூலுவின் அழைப்பு’ என்னும் கதை 1928-இல் ‘வியர்டு டேல்ஸ்’ இதழில் வெளிவந்தது. ஐம்பத்து மூன்று ஆண்டுகளுக்குப் பின், 1981-இல், சாண்டி பீட்டர்சன் என்பார் அக்கதையின் பெயரையே சூட்டி ஒரு மேசை விளையாட்டை எழுத, கேயோசியம் என்னும் நிறுவனம் அதனை வெளியிட்டது. தனிமையில் படித்து நடுங்கவேண்டிய கதையை, நால்வர் ஐவர் கூடியமர்ந்து பேசி நடத்தும் விளையாட்டாக மாற்ற இயலுமா? இயலுமெனின், அங்கே அச்சம் எவ்வாறு பிறக்கிறது? நடத்துபவர் கதைக்கருவை எங்கிருந்து பெறவேண்டும்? இவ்வினாக்களை ஆராய்தல், கதை சொல்லும் கலையைக் கற்பிப்போர்க்கும் கற்போர்க்கும் பயன் தருவதாகும்.

விளையாட்டின் அமைப்பு

இவ்விளையாட்டுக்குக் காய்களோ கட்டங்களோ இன்றியமையாதன அல்ல. ஒருவர் கதையை நடத்துகிறார். அவரைக் ‘கீப்பர்’ என்பர். ஏனையோர் ஆளுக்கொரு பாத்திரத்தை ஏற்பர். பேராசிரியர், செய்தியாளர், மருத்துவர், நூலகர் எனப் பெரும்பாலும் எளிய மனிதர்களே அப்பாத்திரங்கள். காலம் பெரும்பாலும் 1920-கள். “நான் அந்தக் கதவைத் திறக்கிறேன்” என்று ஒருவர் சொன்னால், கதவுக்கு அப்பால் உள்ளதை நடத்துநர் சொல்வார். வெற்றி தோல்வி ஐயத்திற்குரியதாக இருக்கும்போது மட்டும் நூறு வரை எண் காட்டும் பகடை உருட்டப்படும்.

இதற்கு முன்பே, 1974-இல், கேரி கைகாக்சும் டேவ் ஆர்னிசனும் உருவாக்கிய ‘டஞ்சன்ஸ் அண்டு டிராகன்ஸ்’ இவ்வகை விளையாட்டுக்கு வழி திறந்திருந்தது. அதில் வீரன் அரக்கரைக் கொன்று, பொருள் ஈட்டி, ஆட்டத்துக்கு ஆட்டம் வலிமை பெறுவான். பீட்டர்சனின் விளையாட்டோ அப்பாதையைத் தலைகீழாக்கியது. இங்கே பாத்திரம் ஆட்டத்துக்கு ஆட்டம் தேய்கிறது. ஒன்று வளர்பிறை, மற்றொன்று தேய்பிறை.

அறிவே தண்டனை

அத்தேய்வை அளப்பதற்கு வகுக்கப்பட்டதே மனத்தெளிவு என்னும் கணக்கு. ஒவ்வொரு பாத்திரத்துக்கும் அதன் மனவலிமைக்கு ஏற்ப ஓர் எண் உண்டு. காணத்தகாததைக் காணும்போது பகடை உருட்டப்படும். அதன் முடிவுக்கேற்ப அந்த எண் குறையும். இதனினும் நுட்பமான விதி வேறொன்று உண்டு. ஒரே அதிர்ச்சியில் ஐந்தோ அதற்கு மேலோ இழந்த பாத்திரத்துக்கு அறிவுத்திறன் சோதனை வைக்கப்படுகிறது. அதில் தோற்றவன் தப்பிவிடுகிறான். அவன் மனம் கண்டதைப் புரிந்துகொள்ளாமல் மூடி மறைத்துவிடுகிறது. வென்றவனே பித்தனாகிறான், கண்டது இன்னதென்று விளங்கிக்கொண்டமையால். மேலும், மறைநூல்களைக் கற்றுப் பெறும் அறிவு எவ்வளவு கூடுகிறதோ, அவ்வளவு மனத்தெளிவின் மேலெல்லை தொண்ணூற்றொன்பதிலிருந்து குறைந்துகொண்டே வரும்.

லவ்கிராப்டின் கதைகள் பக்கம் பக்கமாகச் சொல்ல முயன்ற கருத்தை இவ்விரு விதிகளும் சில வரிகளில் செயலாக்கிவிடுகின்றன. கல்வி துணை நிற்கும் என்று நம்பி நூலகத்திற்குள் நுழைபவன், கற்ற அளவுக்கு நிலைகுலைகிறான். ஆயினும் கற்காமல் விட்டால் வரும் கேட்டைத் தடுக்க வழியில்லை. இந்த இருதலைக் கொள்ளி நிலையே விளையாட்டின் உயிர்நாடி.

இக்கணக்கில் ஒரு குறையும் உண்டு. மனநோய் என்பது உண்மை வாழ்வில் பலரை வாட்டும் துன்பம். அதைப் பகடையால் வரும் வேடிக்கையாக்கினால் கதையின் கண்ணியம் கெடும். 2016-இல் புதுவடிவில் வெளிவந்த ‘டெல்ட்டா கிரீன்’ இதற்கு நல்லதொரு மாற்றைக் கண்டது. அதில் பாத்திரம் தன் மனத்தெளிவின் இழப்பைக் குறைத்துக்கொள்ளலாம். ஆனால் அதற்கு ஈடாக மனைவியுடனோ நண்பனுடனோ கொண்ட பிணைப்பு நலியும். ஆட்டத்தின் முடிவில் அரக்கனை வென்றவன் வீடு திரும்பும்போது, அங்கே அவனை வரவேற்க எவரும் இல்லாமற் போகலாம். இதுவே மனிதர்க்கு விளங்கும் அச்சம்.

கதைக்கருவின் ஊற்று

புதிதாக நடத்த வருவோர் பெரும்பாலும் லவ்கிராப்டின் பூதங்களையே தேடிச் செல்கின்றனர். கூரிய பெயர்களும் கடலுயிர்களின் கைகளும் கொண்ட உருவங்கள் பட்டியலாகவே கிடைக்கின்றன. ஆனால், பலமுறை காட்டிய பூதம் பொம்மையாகிவிடும். கத்தூலுவின் உருவம் விளையாட்டுக் கடைகளில் பஞ்சு பொம்மையாகவே விற்கப்பட்டிருப்பது இதற்குச் சான்று. லவ்கிராப்டு படைத்தவற்றைப் பின்பற்றுவதைவிட அவர் படைத்த முறையைப் பின்பற்றுவதே அறிவுடைமை.

அம்முறை யாது? அவர் தம் காலத்துச் செய்தித்தாளையும் அறிவியலையும் கூர்ந்து படித்தார். 1925 பிப்ரவரி 28-இல் கனடாவின் கியூபெக் பகுதியில் எழுந்த நிலநடுக்கம் நியூ இங்கிலாந்து வரை உணரப்பட்டது. ‘கத்தூலுவின் அழைப்பு’ கதையில் இளஞ்சிற்பி தன் கனவுச் சிற்பத்தோடு வருவது அதற்கு மறுநாள், மார்ச் 1. 1927 நவம்பரில் வெர்மான்டு மாநிலத்தைப் பெருவெள்ளம் சூழ்ந்தது. அவ்வெள்ளத்தில் மிதந்து வந்த இனம்புரியாத உடல்களிலிருந்தே ‘இருளில் முணுமுணுப்பவன்’ தொடங்குகிறது. அக்கதையை அவர் எழுதிக்கொண்டிருந்த 1930-ஆம் ஆண்டிலேயே புளூட்டோ கண்டுபிடிக்கப்பட்ட செய்தி வெளிவர, தாம் கற்பித்திருந்த இருட்கோளோடு அதனை உடனே இணைத்துக்கொண்டார். ரிச்சர்டு பேர்டு 1928 முதல் 1930 வரை தென்துருவப் பயணம் நடத்தினார். அடுத்த ஆண்டே ‘பித்தின் மலைகள்’ எழுதப்பட்டது.

நான்கிலும் ஒரே முறை காணப்படுகிறது. நிகழ்ந்தது ஒன்று; எவரும் மறுக்க இயலாதது. அதில் ஒரே ஒரு விரிசலை ஆசிரியர் உண்டாக்குகிறார். உண்மையின் சுவர் எவ்வளவு உறுதியாக இருக்கிறதோ, அவ்வளவுக்கு அந்த விரிசல் அஞ்சத்தக்கதாகிறது. ஆகவே நடத்துநர்க்குச் சிறந்த ஊற்று பூதங்களின் அகராதி அன்று; பழைய செய்தித்தாள், நிலப்படம், அணைக்கட்டால் மூழ்கிய ஊரின் வரலாறு, வானியல் நூல் ஆகியவையே. 1927-இல் வெளிவந்த ‘வெளியிலிருந்து வந்த நிறம்’ கதையில் பூதமே இல்லை. ஒரு பண்ணையில் விண்கல் விழுகிறது. பெயரில்லாத ஒரு நிறம் பரவுகிறது. கனிகள் பருத்தும் கசக்கின்றன. குடும்பம் ஒவ்வொருவராக நொறுங்குகிறது. கதையைக் கூறுபவன் அவ்விடத்தில் நீர்த்தேக்கம் அமைக்க அளவெடுக்க வந்தவன். அந்த நீரை இனி நகரமே குடிக்கப்போகிறது என்பதை ஆசிரியர் உரத்துச் சொல்லவில்லை. படிப்பவர்க்கே உணர விட்டுவிடுகிறார்.

கிரகாம் வாம்சிலி 2011-இல் எழுதிய ‘ஸ்டீலிங் கத்தூலு’ என்னும் நூல் இதே திசையில் நடத்துநர்க்கு வழிகாட்டுகிறது. கதையின் அமைப்பை எடுத்துக்கொண்டு, இடத்தையும் உயிரையும் மாற்றி அமைக்கச் சொல்கிறது அது. ஓர் உயிரின் பெயரை நீக்கி, வேறொன்றுக்கு அதன் பண்புகளைத் தந்தால், பழகியவரும் புதிதாய் அஞ்சுவர். பயனுள்ள பயிற்சியே, எனினும் அது லவ்கிராப்டின் எல்லைக்குள்ளேயே சுழல்வது. எல்லைக்கு வெளியே செல்ல விரும்புவோர் செய்தித்தாளைத்தான் விரிக்கவேண்டும்.

நடத்தும் கலை

கதைக்கரு கிடைத்தபின் அதனை எவ்வாறு நடத்துவது? முதற்கண் வேண்டுவது ஈதலில் சிக்கனம். “வாசலில் கொடிய பூதம் நின்றது” என்று சொன்ன நடத்துநர் தம் கைப்பொருள் முழுவதையும் ஒரே தொடரில் செலவிட்டவர். “காற்றே இல்லை, ஆயினும் கிணற்றடி மரத்தின் கிளைகள் அசைகின்றன” என்று சொல்லி நிறுத்துபவர், எஞ்சியதைக் கேட்போரின் நெஞ்சத்தைக் கொண்டே எழுதுவிக்கிறார். சொல்லாதது சொன்னதைவிட வலியது.

அடுத்தது கைக்கு எட்டும் சான்று. லாரி டிட்டிலியோ லின் வில்லிசுடன் எழுதி 1984-இல் வெளிவந்த ‘நையார்லத்தோட்டெப்பின் முகமூடிகள்’ இதில் தேர்ந்தது. 1925 சனவரியில் நியூயார்க் விடுதியறையில் ஓர் எழுத்தாளர் கொலையுண்டு கிடக்கிறார். அவர் விட்டுச்சென்ற கடிதங்களும் செய்தி நறுக்குகளும், ஷாங்காய் மதுக்கடை ஒன்றின் பெயர் அச்சிட்ட தீப்பெட்டியும் ஆடுவோர் கையில் தரப்படுகின்றன. தாள் ஒன்றைத் தொட்டுப் படிக்கும்போது கதை காதிலிருந்து கைக்கு இறங்குகிறது. லவ்கிராப்டின் கதையே இறந்த பேராசிரியரின் தாள்களால் கட்டப்பட்டது என்பதை இங்கு நினைத்தல் தகும்.

மூன்றாவது, பகடைக்கு இடமறிந்து இடம் தருதல். இன்றியமையாத தடயம் பகடையின் தோல்வியால் மறைந்துபோனால் கதை அங்கேயே நின்றுவிடும். 2008-இல் கென்னத் ஹைட் எழுதிய ‘டிரெயில் ஆப் கத்தூலு’ இக்குறையை நீக்கியது. உரிய திறன் உடையவர் உரிய இடத்தில் தேடினால், முதன்மைத் தடயம் பகடையின்றியே கிடைக்கும். தேடுவது கிடைக்குமா என்பதில் அச்சம் இல்லை. கிடைத்தபின் அதனை என்செய்வது என்பதிலேயே இருக்கிறது. மூல விளையாட்டின் 2014-ஆம் ஆண்டு ஏழாம் பதிப்பும், தோற்ற பகடையை மீண்டும் உருட்ட விரும்புபவர், மறுபடியும் தோற்றால் கேடு பெரிதாகும் என்பதை ஏற்றே உருட்டவேண்டும் என்று வகுத்தது. தன் கேட்டைத் தானே தேர்ந்தெடுக்கும் அக்கணம் துன்பியல் நாடகத்துக்கு நெருங்கியது.

நான்காவது, ஆடுவோரின் ஒப்புதல். எவற்றைக் கதையில் கொணரலாகாது என்று முன்னரே கேட்டறிதல் நடத்துநர் கடன். அச்சம் விரும்பி ஏற்கப்படும்போதுதான் கலை, திணிக்கப்படும்போது கொடுமை.

அயலானைக் கண்டு அஞ்சுதல்

இவ்வளவு பாராட்டியபின் ஒன்றை மறைத்தல் திறனாய்வுக்கு அழகன்று. லவ்கிராப்டு அஞ்சியது விண்மீன்களை மட்டும் அன்று. பக்கத்துத் தெருவில் குடியேறிய அயல்நாட்டாரையும் அஞ்சினார், வெறுத்தார். நியூயார்க்கில் வாழ்ந்தபோது 1925-இல் எழுதிய ‘ரெட் ஹுக்கின் கொடுமை’ அவ்வெறுப்பின் வெளிப்பாடே. ‘கத்தூலுவின் அழைப்பு’ கதையிலும் கொடுவழிபாடு நடத்துவோர் கலப்பினத்தாராகவும் கறுப்பராகவும் இழித்துரைக்கப்படுகின்றனர். மேலே பாராட்டிய 1984-ஆம் ஆண்டுக் கதைத்திட்டமும் இக்கறையிலிருந்து முழுதும் விடுபடவில்லை. தலைமையில் சில வெள்ளையர் இருப்பினும், கெய்ரோ, கென்யா, ஷாங்காய் எனக் கதை செல்லுமிடமெல்லாம் கத்தியோடு பாயும் கூட்டம் பெரும்பாலும் அம்மண்ணின் மக்களே. குடியேற்ற ஆட்சியின் கண்கொண்டு பார்க்கப்பட்டவர்களின் வழித்தோன்றல்கள் இதனைப் படிக்கும்போது, எவரைக் கண்டு அஞ்சுமாறு தம்மிடம் கேட்கப்படுகிறது என்று வினவுவது இயல்பே.

இது அறத்தின் குறை மட்டும் அன்று. கலையின் குறையும் ஆகும். மனிதகுலம் முழுவதுமே அண்டத்தின் முன் துரும்பு எனின், துரும்புகளுக்குள் உயர்வு தாழ்வு எங்கிருந்து வரும்? அயலானை அஞ்சும் இடத்தில் லவ்கிராப்டு தம் தத்துவத்துக்கே முரணாகிறார்; அண்டம் சுருங்கித் தெருச்சண்டையாகிவிடுகிறது.

பின்வந்தோர் இதனை உணர்ந்து திருத்தியுள்ளனர். விக்டர் லவால் 2016-இல் எழுதிய ‘கருப்பு டாமின் கதைப்பாடல்’ என்னும் குறுநாவல், ரெட் ஹுக் கதையையே ஒரு கறுப்பின இளைஞனின் நோக்கிலிருந்து மறுபடி கூறியது. கிறிஸ் ஸ்பைவி 2017-இல் வெளியிட்ட ‘ஹார்லெம் அன்பவுண்டு’, 1920-களின் ஹார்லெம் மறுமலர்ச்சியைக் களமாக்கி, கறுப்பின மக்களையே புலனாய்வாளராக்கியது. அங்கே காவலரை அணுகுவதும் ஓர் இடர். பூதம் வருமுன்பே உலகம் அவர்களைப் பொருட்படுத்தவில்லை. அண்டத்தின் பாராமுகத்தை முன்பே வாழ்ந்து பழகியவர்கள் அவர்கள். இத்திருத்தத்தால் அச்சம் குறையவில்லை; கூடியுள்ளது. லவ்கிராப்டின் கருத்தை அவர்க்கே எதிராக நிறுத்தி வென்ற படைப்பு இது எனலாம்.

அண்டப் பேரச்ச விளையாட்டை மதிப்பிடுதற்கு ஓர் உரைகல் உண்டு. ஆட்டம் முடிந்து எழுபவர் நெஞ்சில் எஞ்சுவது யாது? பூதத்தின் பெயர் மட்டும் எஞ்சினால் அவ்வாட்டம் தோற்றது. இருண்ட வானத்தின் கீழ் அனைவரும் ஒரே அளவினர் என்ற உணர்வும், அருகிலிருப்பவர் கையைப் பற்றிக்கொள்ளும் விருப்பும் எஞ்சுமாயின், அது நல்லிலக்கியம் செய்யும் பணியைச் செய்துவிட்டது. பாராமுகமான அண்டத்தில் ஒருவரையொருவர் பொருட்படுத்த மனிதரைவிட்டால் வேறு எவருமில்லை. இவ்வச்சத்தை நடத்துவோரும், கதை சொல்லக் கற்பிப்போரும் மறவாதிருக்க வேண்டிய உண்மை இது.