பச்சை சைக்கிளும் பெல்லா ரைட்டும்

பழைய சைக்கிள் சேகரிப்பவர்கள் முதலில் தேடுவது ஃபிரேம் நம்பரைத்தான். பெயின்ட், சீட், பெல் எல்லாம் மாற்றிவிடலாம்; நம்பர்தான் வண்டியின் ஜாதகம். கூடவே ஒரு கொலை வழக்கும் ஒட்டிக்கொண்டால் அதன் மவுசே தனி. குற்றத்தோடு தொடர்புள்ள பொருள்களைச் சேகரிப்பதற்கு 'மர்டரபிலியா' என்று ஒரு பெயரே இருக்கிறது. இங்கிலாந்தின் 'பச்சை சைக்கிள் வழக்கு' பற்றிக் கொஞ்ச நாளாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். படிக்கப் படிக்க ஒரு விஷயம் உறுத்துகிறது. அதைத்தான் இங்கே எழுதி வைக்கிறேன்.

முதலில் கதைச் சுருக்கம். 1919 ஜூலை 5. ரப்பர் ஆலையில் வேலை பார்த்த 21 வயது பெல்லா ரைட், லெஸ்டர் அருகே ஒரு கிராமத்திலிருந்த உறவினர் வீட்டுக்கு சைக்கிளில் போகிறார். பச்சை சைக்கிளில் ஒருவர் கூட வருகிறார். அங்கிருந்து இருவரும் கிளம்பிய கொஞ்ச நேரத்திலேயே பெல்லா சாலையில் இறந்து கிடக்கிறார். டாக்டர் விபத்து என்றுவிட்டார். ஹால் என்ற கான்ஸ்டபிளுக்கு மட்டும் மனசு ஒப்பவில்லை. மறுநாள் போய்த் தேடினால், உடல் கிடந்த இடத்திலிருந்து 17 அடி தள்ளி ஒரு .455 தோட்டா. பெல்லாவின் முகத்தைக் கழுவிப் பார்த்தால், இடது கண்ணுக்குக் கீழே துளை.

பல மாதம் துப்பு கிடைக்கவில்லை. 1920 பிப்ரவரியில், லெஸ்டர் கால்வாயில் போன நிலக்கரிப் படகின் கயிற்றில் ஒரு பச்சை பி.எஸ்.ஏ. சைக்கிள் மாட்டி மேலே வந்தது. வழக்கமான இடத்தில் இருந்த நம்பரை யாரோ ராவியிருந்தார்கள். ஆனால் முன் ஃபோர்க்கின் உள்பக்கம் 103648 என்று இன்னொரு நம்பர் தப்பியிருந்தது. என் தொழில் பாஷையில் சொன்னால், ரெக்கார்டை டெலீட் பண்ணியவர் பேக்கப்பை மறந்துட்டார்! 1910-இல் டெர்பி கடையில் அந்த வண்டியை வாங்கியவர் ரொனால்ட் லைட். முன்னாள் ராணுவ அதிகாரி, கைதானபோது செல்டன்ஹாமில் கணக்கு வாத்தியார்.

இதுவரைக்கும் எல்லாரும் ரசித்து ரசித்து எழுதுகிறார்கள். நானும் ரசித்துத்தான் படித்தேன். பி.எஸ்.ஏ. எஸ்.எல்.ஆரில் ஸ்கூலுக்குப் போனவன் நான்; அந்தப் பெயரின் விரிவு பர்மிங்ஹாம் ஸ்மால் ஆர்ம்ஸ், அதாவது துப்பாக்கிக் கம்பெனி என்று தெரிந்தபோது சிலிர்த்தது.

சரி, கோர்ட்டில் அந்த நம்பர் என்ன சாதித்தது? லைட்டுக்காக ஆஜரானவர் பிரபல வக்கீல் எட்வர்ட் மார்ஷல் ஹால். சைக்கிள் என்னுடையதுதான், பெல்லாவோடு போனதும் நான்தான், பயத்தில் கால்வாயில் போட்டதும் நான்தான் என்று லைட் ஒப்புக்கொண்டார். சுட்டது மட்டும் நான் இல்லை என்றார். கால்வாயில் துப்பாக்கி உறையும் தோட்டாக்களும் கிடைத்தன, துப்பாக்கி கிடைக்கவில்லை. கொலைக்கான காரணமும் நிரூபணமாகவில்லை. 1920 ஜூனில் லைட் விடுதலையானார்.

ஆக, 'வண்டி யாருடையது?' என்ற கேள்விக்கு 103648 கச்சிதமாகப் பதில் சொன்னது. ஆனால் கேள்வி அதுவல்லவே! ஒரு பொருளின் பூர்வீகத்தை நிரூபித்துவிட்டால் குற்றத்தையே நிரூபித்த மாதிரி ஒரு நினைப்பு வந்துவிடுகிறது. 'கொலைகாரன் ஓட்டிய சைக்கிள்' என்று ஒருவர் சொன்னால், ஜூரி தராத தீர்ப்பை அவரே தந்துவிடுகிறார்.

என் பெரிய வருத்தம் வேறு. இந்த வழக்கைப் பற்றிய மூன்று புத்தகங்களின் தலைப்புகளைப் பாருங்கள்: வேக்ஃபீல்டின் 'தி கிரீன் பைசிக்கிள் கேஸ்' (1930), வெண்டி ஈஸ்ட்டின் 'தி கிரீன் பைசிக்கிள் மர்டர்' (1993), ஆன்டனி பிரவுனின் 'தி கிரீன் பைசிக்கிள் மிஸ்டரி' (2017). மூன்றிலும் சைக்கிள் இருக்கிறது. பெல்லா இல்லை. நானும் 'பச்சை சைக்கிள் வழக்கு' என்றுதானே ஆரம்பித்தேன்?

பெல்லாவிடமும் ஒரு சைக்கிள் இருந்தது. அன்று சாயங்காலம் அவர் ஓட்டிப் போன வண்டி, உடலுக்குப் பக்கத்திலேயே கிடந்தது. அதன் நம்பர் என்ன என்று கேட்க இத்தனை நாள் எனக்குமே தோன்றவில்லை.